யந்திரம் வகுத்த நிலமும் மக்கள் வரைந்த படமும்

ஒரு நாட்டின் பரப்பில் காடு எவ்வளவு, கழனி எவ்வளவு, குடியிருப்பு எவ்வளவு என்று அறிந்து வைத்திருத்தல் வேளாண்மைக்கும் நீர்ப் பாதுகாப்புக்கும் நகர அமைப்புக்கும் இன்றியமையாதது. முற்காலத்தில் இவ்வறிவைச் சங்கிலியும் கோலும் தாங்கிய அளவையாளர்கள் ஊரூராய் நடந்து திரட்டினர். திருவிதாங்கூர், கொச்சி ராஜ்யங்களை வார்டு, கானர் என்னும் இரு ராணுவ அதிகாரிகள் 1816 முதல் 1820 வரை இவ்வாறே நடந்து அளந்தனர். இன்றோ அப்பணியின் பெரும்பகுதியைச் செயற்கைக் கோள்களும் கணிப்பொறிகளும் ஏற்றுக்கொண்டுள்ளன. மனிதன் கால் வைக்காத மலைச்சரிவையும் யந்திரம் சில நிமிடங்களில் வகைப்படுத்திவிடுகிறது.

இதற்கு இணையாக மற்றொரு முயற்சியும் உலகெங்கும் வளர்ந்து வந்துள்ளது. சாமானிய மக்களே கூடித் தங்கள் ஊரின் படத்தை வரைதல் அம்முயற்சியாகும். 2004ஆம் ஆண்டில் பிரிட்டனில் தொடங்கப்பட்ட ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் இவ்வகைக்குத் தலைசிறந்த உதாரணம். தெருவையும் கிணற்றையும் பள்ளிக்கூடத்தையும் அவ்வூரை அறிந்தவர்களே அதிற் பதிகின்றனர். 2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது தன்னார்வலர்கள் பலர் பாதைகளையும் கட்டடங்களையும் இப்படத்திற் சேர்த்தனர்.

எனவே இயல்பாக ஒரு வினா எழுகிறது. யந்திரம் திரட்டிய நிலத் தகவலை மக்கள் வரைந்த படத்தில் மொத்தமாகச் சேர்த்துவிடலாமா? வெற்றிடங்கள் யாவும் ஒரே நாளில் நிரம்பிவிடுமே! இவ்வினாவை ஆராய்வதற்குத் திருவனந்தபுரத்தைவிடப் பொருத்தமான இடம் அரிது. அந்நகரின் விகாஸ் பவனத்தில் கேரள மாநிலத் தொலையுணர்வு, சுற்றுச்சூழல் மையம் அமைந்துள்ளது. அம்மையத்தின் படங்கள் கேரள மக்களின் வீடுகளையும் வயல்களையும் பற்றிய வழக்குகளில் நேரடியாகப் பங்கு கொண்டுள்ளன.

விண்ணிலிருந்து நிலத்தை இனங்காணும் முறை

சூரிய ஒளி நிலத்தின்மேற் படும்போது ஒவ்வொரு பொருளும் தன் இயல்புக்கேற்ப அதனைத் திருப்பி அனுப்புகிறது. பசுந்தழையிலுள்ள பச்சையம் சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் நம் கண்ணுக்குப் புலனாகாத அண்மை அகச்சிவப்புக் கதிர்களை இலையின் உள்ளமைப்பு மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. நீர்ப்பரப்போ அகச்சிவப்புக் கதிர்களை விழுங்கிவிடுவதால் படத்திற் கறுத்துத் தோன்றும். இவ்வேறுபாடுகளை அளந்து, பசுமை, நீர், கட்டடம், வெற்று நிலம் ஆகியவற்றைப் பிரித்தறிகின்றனர்.

நடைமுறைப் பயன்பாட்டுக்கான இந்தியாவின் முதல் தொலையுணர்வுக் கோளான ஐ.ஆர்.எஸ். 1-ஏ, 1988 மார்ச் 17ஆம் நாள் ஏவப்பட்டது. ஐரோப்பிய நாடுகளின் சென்டினல்-2 வரிசையின் முதற்கோள் 2015இல் ஏவப்பட்டது. மேகத்தை ஊடுருவக் கூடிய ராடார்க் கதிர்களைச் சென்டினல்-1 பயன்படுத்துகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம் மூடிக் கிடக்கும் கேரளக் கரைக்கு இது பேருதவியாகும்.

வகைப்படுத்தும் பணியைக் கணிப்பொறி மாதிரிகளைக் கொண்டே கற்கிறது. "இது வயல், இது காடு, இது ஏரி" என்று மனிதர் அடையாளமிட்ட ஆயிரக்கணக்கான இடங்களை அதற்குக் காட்டுவர். அவற்றின் ஒளிக் குணங்களை அது பழகிக்கொண்டு, ஏனைய இடங்களைத் தானே பெயரிடும். இங்ஙனம் கிடைப்பதையே நிலப்போர்வைத் தகவல் என்கிறோம். நிலத்தை மூடியிருப்பது எது என்பதையே அது கூறும். அந்நிலத்தை மனிதன் எதற்காகப் பயன்படுத்துகிறான் என்பது வேறொரு செய்தி. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதிலிருந்தே குழப்பங்கள் பல தோன்றுகின்றன.

ஒரு புள்ளியின் பரப்பு இரண்டரை சென்ட்

செயற்கைக் கோள் படம் சிறுசிறு சதுரப் புள்ளிகளால் ஆனது. சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உடையது. அதாவது 100 சதுர மீட்டர். கேரள நில ஆவணங்களில் வழங்கும் ஓர் ஆர் என்னும் அளவும் இதுவே. மக்கள் வழக்கிலுள்ள சென்ட் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட் ஆகும். நம் நாட்டின் தேசியத் தொலையுணர்வு மையம் 1:50,000 அளவில் நிலப் பயன்பாட்டுப் படங்களை ஆக்கப் பயன்படுத்திய லிஸ்-3 கருவியின் புள்ளியோ 23.5 மீட்டர். அதன் பரப்பு பதின்மூன்றரை சென்டுக்குச் சற்று மிகும்.

திருவனந்தபுரத்தின் சுற்றுப்புறத்தில் ஐந்து சென்ட் மனையில் வாழும் குடும்பங்கள் ஏராளம். பத்து மீட்டர்ப் படத்தில் அம்மனை இரண்டு புள்ளிகளுக்குச் சமம். ஆயினும் புள்ளிகள் வேலியை அனுசரித்து அமைவதில்லை. ஒரு புள்ளியின் ஒரு பகுதி வீட்டின் மேலும், மறு பகுதி பக்கத்துத் தென்னையின் மேலும், இன்னொரு பகுதி பாதையின் மேலும் விழும். அப்புள்ளி முழுவதற்கும் யந்திரம் ஒரே ஒரு பெயரைத்தான் இட முடியும். சிறு மனையாளரின் உடைமை இவ்வாறு பெரும்பான்மையின் பெயருக்குள் கரைந்துபோகிறது.

மரத்தடியில் மறையும் வீடு

கேரளத்தின் புரையிடம் பிற நாட்டுப் பண்ணைகளைப் போன்றதன்று. ஒரே மனையில் தென்னை, பலா, மா, கமுகு, அவற்றின்மேற் படர்ந்த மிளகுக் கொடி, அடியில் மரச்சீனி, வாழை, நடுவே வீடு எனப் பல அடுக்குகள் கலந்திருக்கும். மேலிருந்து நோக்கும் கருவிக்கு முதல் அடுக்கு மட்டுமே புலப்படும். ஆதலால் வீடும் கிணறும் தோட்டமும் சேர்ந்த ஒரு வாழ்விடம் "மரப்போர்வை" என்ற ஒற்றைச் சொல்லாய்ச் சுருங்கிவிடுகிறது.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2020, 2021 ஆகிய ஆண்டுகளுக்கு வெளியிட்ட உலக நிலப்போர்வைப் படம் நிலத்தைப் பதினொரு வகைகளாய்ப் பிரிக்கிறது. அதன் மரப்போர்வை வகையில் இயற்கைக் காடு மட்டுமன்றித் தோப்புகளும் அடங்கும். இவ்விலக்கணம் அவர்கள் நோக்கத்துக்குப் பிழையன்று. ஆனால் அதை மக்கள் படத்தில் "காடு" என்று பெயரிட்டுப் பதிந்தால் நெடுமங்காட்டு ரப்பர்த் தோட்டமும் அகத்திய மலையின் மழைக்காடும் ஒன்றாகிவிடும். வெள்ளாயணிக் காயலில் தாமரையும் பிற நீர்த்தாவரங்களும் மூடிய பகுதி, படம் எடுத்த பருவத்தைப் பொறுத்து நீராகவோ புல்வெளியாகவோ சதுப்பாகவோ தோன்றக் கூடும். அது காயலென்பதில் அக்கரையினர்க்கோ ஐயமே இல்லை.

நூற்றுக்கு எத்தனை என்னும் கணக்கு

மேற்கூறிய உலகப் படத்தின் 2021ஆம் ஆண்டுப் பதிப்பு, உலகளாவிய சராசரியில் நூற்றுக்கு 76.7 இடங்களைச் சரியாக வகைப்படுத்துவதாக அதனை ஆக்கியோரே சோதித்து வெளியிட்டுள்ளனர். உலகு முழுவதையும் பத்து மீட்டர் நுணுக்கத்தில் வகுத்த பணிக்கு இது மெச்சத்தக்க சாதனையே. எனினும் நூறு இடங்களில் ஏறக்குறைய இருபத்துமூன்று தவறு என்பதும் அதன் பொருளாகும்.

மேலும், பிழை எங்கும் ஒரே சீராய்ப் பரவியிருப்பதில்லை. அகன்ற ஏரியின் நடுவிலும் அடர்காட்டின் உள்ளேயும் யந்திரம் அரிதாகவே தவறும். சிறு வயல், கலப்புத் தோட்டம், ஊரின் ஓரம் ஆகிய இடங்களிலேயே தவறுகள் குவியும். சராசரி எண் இக்குவியலை மறைத்துவிடுகிறது.

பிழை இருவகைப்படும். உள்ளதை இல்லையென விட்டுவிடுதல் ஒன்று. இல்லாததை உண்டெனச் சேர்த்தல் மற்றொன்று. முன்னதால் வீட்டுக்காரர் துன்புறலாம். பின்னதால் பாதுகாக்கப்பட வேண்டிய வயலோ நீர்நிலையோ அழியலாம். எப்பிழை எத்தனை என்பதோடு, அது யார் தலையில் விழும் என்பதையும் ஆராய்ந்த பின்னரே ஒரு தகவல் எதற்குத் தகும் என்று தீர்மானித்தல் வேண்டும்.

2022ஆம் ஆண்டு புகட்டிய பாடம்

2022 ஜூன் 3ஆம் நாள் உச்ச நீதிமன்றம், பாதுகாக்கப்பட்ட காடுகளைச் சுற்றிக் குறைந்தது ஒரு கிலோமீட்டர் அகலத்துக்குச் சூழல் உணர்வு மண்டலம் அமைய வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அம்மண்டலத்துள் ஏற்கெனவே உள்ள கட்டடங்களைப் பட்டியலிடுமாறும், அதற்குச் செயற்கைக் கோள் படங்களின் உதவியையோ டிரோன் படங்களின் உதவியையோ பெறலாமென்றும் கூறியது. கேரளத்தில் இப்பணி தொலையுணர்வு மையத்தைச் சார்ந்தது. அம்மையம் தயாரித்த அறிக்கை 2022 டிசம்பரில் வெளியிடப்பட்டபோது அதில் ஏறக்குறைய 49,000 கட்டடங்கள் காணப்பட்டன.

மலையோர மக்கள் இதைக் கண்டு கலங்கினர். தாங்கள் வாழும் வீடுகளும் கடைகளும் வழிபாட்டிடங்களும் படத்தில் இல்லையெனப் பலர் முறையிட்டனர். 1958இல் அமைக்கப்பட்ட நெய்யாறு சரணாலயத்தை ஒட்டி, திருவனந்தபுரம் மாவட்டத்தின் அம்பூரி போன்ற ஊர்களிலும் இக்கவலை நிலவியது. பட்டியலில் இல்லாத வீடு நாளை சட்டத்தின் கண்ணிலும் இல்லாததாகிவிடுமோ என்பதே அவர்களின் அச்சம். தலைமுறைகளாக மண்ணைத் திருத்தி வாழ்ந்தவருக்கு இது சிறிய அச்சமன்று.

மாநில அரசாங்கம் ஓய்வு பெற்ற நீதிபதி தோட்டத்தில் ராதாகிருஷ்ணன் தலைமையில் நிபுணர் குழுவை நியமித்திருந்தது. ஊராட்சிகளில் உதவி மையங்கள் திறக்கப்பட்டன. பல்லாயிரம் முறையீடுகள் வந்தன. நேரடிக் கள ஆய்வு நடத்தி, விடுபட்ட கட்டடங்கள் கைப்பேசிச் செயலியின் துணையால் இடக்குறியோடு பதியப்பட்டன. பின்னர் 2023 ஏப்ரல் 26ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தன் முந்தைய ஆணையைத் திருத்தி, எல்லா இடத்திலும் ஒரு கிலோமீட்டர் என்ற கட்டாயத்தைத் தளர்த்தியது.

இந்நிகழ்ச்சியைச் செயற்கைக் கோளின் தோல்வி என்று கூறுவது பொருந்தாது. மரப்போர்வையின் கீழ் உள்ளதை ஒளிப்படம் காட்டாது என்பது எவரும் முன்னரே அறிந்த உண்மை. முதற்கட்ட மதிப்பீட்டுக்குத் தகுந்த ஒரு தகவலை, ஊராரின் சரிபார்ப்புக்கு முன்னரே முடிந்த பட்டியலாகக் காணும்படி நேர்ந்ததே கலக்கத்துக்குக் காரணமாயிற்று.

கடந்த காலத்துக்கு ஒரு சாட்சி

இதற்கு மறுபுறமும் உண்டு. கேரளத்தின் நெல் விளையும் பரப்பு 1974-75இல் ஏறக்குறைய 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்தது. 2020-21இல் அது ஏறக்குறைய 2 லட்சம் ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. எஞ்சிய வயல்களைக் காப்பதற்காக இயற்றப்பட்ட நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் 2008 ஆகஸ்ட் 12ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வோர் ஊரிலும் வயல்களையும் நீர்நிலங்களையும் சர்வே எண்ணுடன் பதிந்த தகவல் தொகுதி ஒன்றை ஆக்குமாறு அச்சட்டம் பணிக்கிறது.

அதனை ஆக்கும் முறை நம் வினாவுக்கு நேரடியாகப் பொருந்துவதாகும். ஊராட்சித் தலைவர், வேளாண்மை அதிகாரி, கிராம அதிகாரி, நெல் விவசாயிகளின் பிரதிநிதிகள் மூவர் ஆகியோர் அடங்கிய உள்ளூர்க் கண்காணிப்புக் குழு அதைத் தயாரிக்கும். மாநில நிலப் பயன்பாட்டு வாரியமோ விஞ்ஞான நிறுவனங்களோ செயற்கைக் கோள் படங்களைக் கொண்டு வரைந்த வரைபடம் அதற்குத் துணையாகும். முடிந்த தொகுதியை ஊராட்சி அலுவலகத்திலும் கிராம அலுவலகத்திலும் யாவரும் காண வைத்தல் வேண்டும். யந்திரப் படம் உதவுவது. ஊர்க்குழு முடிவு செய்வது. பொதுமக்கள் திருத்துவது என்னும் வரிசை இதில் அமைந்துள்ளது.

நடைமுறையில் இதிலும் பிழைகள் புகுந்தன. சட்டத்துக்கு முன்னரே தென்னந்தோப்பாகிவிட்ட நிலங்கள் சில வயலெனப் பதிவாயின. வருவாய்ப் பதிவேட்டில் "நிலம்" என்றால் நஞ்சையென்றும், "புரையிடம்" என்றால் மேட்டு நிலமென்றும் பொருள். நூற்றாண்டுப் பழமையுள்ள அப்பதிவுக்கும் கண்ணெதிரே உள்ள நிலைக்கும் பல இடங்களில் முரண்பாடு இருந்தது. எனவே தவறாகச் சேர்க்கப்பட்ட நிலத்தை நீக்குமாறு உரியவர் 5ஆம் படிவத்தில் விண்ணப்பிக்க வழி செய்யப்பட்டது. அத்தகைய விண்ணப்பத்தை முடிவு செய்யும் அதிகாரி நிலத்தை நேரிற் பார்வையிடல் வேண்டும், அல்லது தொலையுணர்வு மையத்தின் படங்களைப் பெற்று ஆராய்தல் வேண்டும் எனக் கேரள உயர் நீதிமன்றம் பன்முறை வலியுறுத்தியுள்ளது.

இவ்விடத்தில் யந்திரத்தின் சிறப்புப் புலனாகிறது. 2008இல் அந்நிலம் எவ்வாறிருந்தது என்பதற்கு மனித நினைவு நம்பத்தக்க சாட்சியன்று. வயலை மண்ணிட்டு மூடியவரும் அதை எதிர்ப்பவரும் தத்தமக்கு வேண்டியபடி நினைவுகூரலாம். அன்றைய நாளிற் பதிவான படமோ எவர் பக்கமும் சாயாது. இன்றிருக்கும் வீட்டைக் கண்டறிவதில் ஊராரின் கண் வல்லது. அன்றிருந்த வயலைக் கண்டறிவதில் விண்ணின் கண் வல்லது.

மொத்தமாகச் சேர்ப்பதன் தொல்லைகள்

மக்கள் படத்தில் யந்திரத் தகவலை மொத்தமாகச் சேர்த்த நாடுகளின் அனுபவமும் நமக்குப் பயன்படும். ஐரோப்பாவின் கோரின் நிலப்போர்வைத் தகவல் 2009இல் பிரான்சின் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பிற் சேர்க்கப்பட்டது. வெறுமையாய் இருந்த பெரும்பரப்புகள் நிறம் பெற்றன. ஆனால் கோரின் படம் 1:1,00,000 அளவுக்கு ஆக்கப்பட்டது. 25 ஹெக்டேருக்குக் குறைந்த பரப்புகளை அது தனியே காட்டுவதில்லை. தெருவளவில் நுணுக்கமுடைய படத்தில் அத்தகைய பருமனான எல்லைகள் சாலையையும் ஆற்றையும் குறுக்கிட்டன. அவற்றைத் தன்னார்வலர்கள் பின்னர்க் கையால் திருத்த நேர்ந்தது. கேரளத்தில் 25 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 62 ஏக்கர் பரப்புக்குள் ஒரு சிற்றூரே அடங்கிவிடும்.

வேறு தொல்லைகளும் உண்டு. சதுரப் புள்ளிகளிலிருந்து எல்லைக்கோடு எடுத்தால் அது இரம்பப் பற்களைப் போல் நெளியும். ஓர் ஊராட்சிக்கே ஆயிரக்கணக்கான துண்டுகள் உண்டாகும். அவற்றின் மேல் யாரேனும் ஒரு கிணற்றையோ நடைபாதையையோ வரைய முயன்றால் கோடுகள் சிக்கிக்கொள்ளும். தன் தெருவை ஆர்வத்துடன் பதிய வந்த மாணவர் இச்சிக்கலைக் கண்டு விலகிப்போகலாம். மக்கள் படத்துக்கு மூலதனம் மக்களின் உற்சாகமே. அது குன்றினால் நிறமிட்ட பரப்பு எவ்வளவு பெருகினும் லாபமில்லை.

மேலும், நிரம்பிய படம் நிறைவுற்றது போன்ற மயக்கத்தைத் தரும். வெற்றிடம் "இங்கு இன்னும் எவரும் சென்று பார்க்கவில்லை" என்று நேர்மையாக அறிவிக்கிறது. பிழையான பச்சை நிறம் அவ்வறிவிப்பை அழித்துவிடுகிறது.

முறையாகச் செய்யும் வழி

எனவே யந்திரத் தகவலைத் தள்ளிவிடுதலும் கூடாது. அப்படியே விழுங்குதலும் கூடாது. பின்வரும் ஒழுங்குகளைப் பின்பற்றினால் இரண்டின் நலனையும் பெறலாம்.

முதலாவதாக, உரிமையைத் தெளிவாக்கிக்கொள்ளல் வேண்டும். இலவசமாய்க் கிடைக்கும் தகவல் அனைத்தும் வேறொரு படத்திற் சேர்க்க உரிமையுள்ளது ஆகாது. உரியவரிடம் எழுத்து மூலம் அனுமதி பெறுதல் நன்று.

இரண்டாவதாக, அப்பகுதியில் ஏற்கெனவே படம் வரைந்து வருவோருடன் கலந்து பேசி அவர்களின் இசைவைப் பெறல் வேண்டும்.

மூன்றாவதாக, சோதனை செய்தல் வேண்டும். ஓர் ஊராட்சியில் ஒவ்வொரு வகைக்கும் ஐம்பது இடங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து நேரிற் சென்று பார்க்கலாம். யந்திரம் "காடு" என்ற ஐம்பதில் முப்பது ரப்பர்த் தோட்டமாக இருப்பின் அவ்வகையை அங்கே சேர்த்தலாகாது. "நீர்" என்ற ஐம்பதில் நாற்பத்தொன்பது நீராகவே இருப்பின் அதை நம்பிக் கொள்ளலாம். உலகச் சராசரியைவிட இந்த உள்ளூர்க் கணக்கே நமக்கு வேண்டுவது.

நான்காவதாக, மனிதர் வரைந்ததன் மேல் யந்திரத் தகவலை எழுதலாகாது. வெற்றிடத்தை மட்டுமே நிரப்பல் வேண்டும். ஐந்தாவதாக, ஒவ்வொரு பகுதிக்கும் தகவலின் மூலத்தையும் படமெடுத்த ஆண்டையும் குறித்தல் வேண்டும். வயல் மனையாகும் வேகத்தில் ஆண்டு குறிக்காத தகவல் விரைவில் பொய்யாகிவிடும். ஆறாவதாக, வார்டு வார்டாய்ச் சிறு பகுதிகளாகச் சேர்த்தல் வேண்டும். தவறு நேரின் அப்பகுதியை மட்டும் நீக்கிவிட இது உதவும்.

இவற்றினும் எளிய வழி ஒன்றுண்டு. யந்திரத் தகவலைப் படத்திற் சேர்க்காமல், வரைவோருக்குப் பின்னணித் திரையாக மட்டும் காட்டலாம். மக்கள் படமும் யந்திரப் படமும் முரண்படும் இடங்களைப் பட்டியலிட்டு, "இங்கே சென்று பாருங்கள்" என்று சுட்டலாம். யந்திரம் வினாவை எழுப்பும். நடந்து செல்பவர் விடை கூறுவார்.

கல்யாசேரி காட்டிய நெறி

இக்கூட்டு முயற்சி கேரளத்துக்குப் புதிதன்று. திருவனந்தபுரத்து ஆக்குளத்தில் இயங்கிய புவி அறிவியல் ஆய்வு மையம், கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்துடன் இணைந்து 1990களின் தொடக்கத்தில் ஊராட்சி வளப்படத் திட்டத்தை நடத்தியது. கண்ணூர் மாவட்டத்துக் கல்யாசேரி அதில் புகழ்பெற்ற ஊர். பயிற்சி பெற்ற ஊர்த் தொண்டர்கள் நிலப் பயன்பாட்டையும் நீர் ஆதாரங்களையும் நடந்து சென்று குறித்தனர். பாறை, மண், நில அமைப்பு ஆகியவற்றை விஞ்ஞானிகள் வரைந்தனர். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாய் வைத்து ஊரின் வளர்ச்சிக்கு ஆலோசனைகள் கூறப்பட்டன. 1996 ஆகஸ்ட் 17ஆம் நாள் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்துக்கு இவ்வனுபவம் வழிகாட்டியாயிற்று. அம்மையமே 2014 முதல் மத்திய அரசின் தேசிய நிறுவனமாய் விளங்குகிறது.

அன்று விஞ்ஞானி வகித்த இடத்தில் இன்று செயற்கைக் கோளும் கணிப்பொறியும் பெருமளவு வந்துள்ளன. ஊர்த் தொண்டரின் இடம் மாறவில்லை. மரத்தடியில் வீடு உண்டென்பதையும், அவ்வீட்டில் விளக்கு எரிகிறதென்பதையும் அறிந்தவர் அவரே. அவர் ஒப்புதலளித்த படத்தை நீதிமன்றமும் நம்பலாம், அரசாங்கமும் நம்பலாம், அவ்வீட்டில் வாழ்வோரும் அச்சமின்றி நோக்கலாம்.